முழங்கால் உயரத்தில் ஒட்டிய செடிகள்

கருத்தப்பாண்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி சிரித்துவிட்டாள். "அவுக வாயத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசி யாரு கேட்டா? அவுகளப் பத்தி என்னத்த எழுதப் போறீக?" என்று கேட்டாள். அவள் சொன்னதில் தப்பில்லை. கல்லுளிமங்கன் என்றால் அந்த ஆள்தான். என் கடைக்கு இருபது வருடம் வந்து போனார். "அண்ணாச்சி, உப்பு" என்பார். கொடுத்ததும் போய்விடுவார். மழை உண்டா, பருத்தி எப்படி என்று நானாக வாயைக் கிளறினால் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். அது ஆமாவா இல்லையா என்பது அவருக்கும் அவருடைய மாட்டுக்கும்தான் தெரியும்.

நான் மாரிச்சாமி. பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரமாகப் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். அங்கிருந்து தெற்கே இரண்டு கல் தள்ளி அவருடைய ஊர். ஏழு ஏக்கர் மானாவாரிக் கரிசல், ஒரு ஜோடி மாடு, ஒரு வண்டி, பெண்டாட்டி பெத்தம்மாள். ஒரே மகளைத் திருச்சுழிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். புருஷன் பேசாமல் விட்ட பேச்சையெல்லாம் தானே பேசித் தீர்க்கிறவள் பெத்தம்மாள். களை எடுக்க அவள் காட்டில் இறங்கினால் பக்கத்துக் காட்டுக்காரர்களுக்கும் பொழுது போகும். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். எந்தச் செடி எந்த மழைக்கு முளைக்கும், எதை மாடு தின்னும், எதை ஆடு மோந்துகூடப் பார்க்காது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

நாற்பத்திரண்டாம் வருடம் மாசி மாதம் இருவரும் அருப்புக்கோட்டையில் பருத்தியைப் போட்டுவிட்டு வெற்று வண்டியில் திரும்பினார்கள். பின்னால் வந்த வண்டிக்காரன் ஒருவன் முந்தப் பார்த்தான். பேசாத ஆளுக்குள்ளே வீம்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. மாட்டைத் தட்டிவிட்டார். ஓடை வருகிறது, மெதுவாகப் போங்கள் என்று பெத்தம்மாள் இரண்டு தடவை சொன்னாள். மூன்றாம் தடவை சொல்ல வாயைத் திறக்கும்போது சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி குடை சாய்ந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு வலது இடுப்பு நொறுங்கிவிட்டது.

உள்ளூரில் கட்டுப் போட்டுப் பார்த்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோய் ஆறு வாரம் வைத்திருந்தார்கள். இனி நடக்க மாட்டாள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளால் வலது பக்கம் சாய முடியாது, மல்லாக்கவும் படுக்க முடியாது. இடது பக்கமாக ஒருக்களித்தபடியே கிடக்க வேண்டும். ஒடுங்கலான வீடு. ஒரு பக்கம் தானியக் குலுக்கையும் அடுப்பும் இருந்ததால் மேற்குச் சுவரை ஒட்டித் தெற்கே தலைமாடு வைத்து நெடுக்காகக் கட்டிலைப் போட்டார்கள். அவளுடைய முகம் சுவரைப் பார்க்க, வாசல் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

அன்றோடு பேச்சும் நின்றது. அவளைக் குளிப்பாட்டிக் கூழ் ஊட்டியது முத்துத்தாய். கருத்தப்பாண்டியின் தங்கை, தாலியறுத்து அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். அவளிடம் "ம்" என்றும் "வேண்டாம்" என்றும் பெத்தம்மாள் சொன்னதோடு சரி. புருஷனிடம் அந்த "ம்" கூடக் கிடையாது. அவர் வாசலில் வந்து நிற்பார், முதுகைப் பார்ப்பார், காட்டுக்குப் போய்விடுவார். புருஷன் மூஞ்சியில் முழிக்கக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள் என்று ஊர் பேசியது. அவரும் அப்படித்தான் நம்பினார். உண்மையைச் சொன்னால் நானும் நம்பினேன். சொன்ன பேச்சைக் கேட்காதவனுக்கு வேறென்ன கிடைக்கும் என்றுகூட நினைத்தேன்.

அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடியது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஆலாய்ப் பறந்தார்கள். கடைக்காரனுக்கு அதற்கெல்லாம் மேலே ஒரு பஞ்சம் உண்டு, அது தாள் பஞ்சம். பொட்டலம் மடிக்க ஒரு துண்டுத் தாள் அகப்படாது. அந்தச் சமயத்தில் ரோடு வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் பட்டாளத்துக்குப் போகிறார் என்று அவருடைய பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மேஜைக்கும் நாற்காலிக்கும் அடிதடி நடந்தது. பழைய புஸ்தகங்களை ஒருவரும் சீந்தவில்லை. நான் ஒரு வண்டி நிறைய எடைக்கு எடுத்து வந்தேன்.

அதில் ஒரு புஸ்தகம் அம்மிக்கல் கனம் இருந்தது. எழுத்து கொஞ்சம், படம் அதிகம். அத்தனையும் செடி. பக்கத்துக்கு ஒன்றாக, அப்போதுதான் பிடுங்கி வைத்ததுபோல வர்ணத்தில் இருந்தது. அடியில் பூவையும் காயையும் தனித்தனியாகப் பிரித்துப் பெரிதாக்கிப் போட்டிருந்தது. கெட்டித் தாள். சீரகம், மிளகுக்கு மடிக்க வராது. புளிக்கும் கருப்பட்டிக்கும் தோது. முன்பக்கத்திலிருந்து கிழிக்க ஆரம்பித்தேன். களைச்செடியைப் போய் உட்கார்ந்து படம் எழுதியிருக்கிறானே, வேலையத்தவன் என்று நினைத்துக்கொண்டேதான் கிழித்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் கருத்தப்பாண்டி வந்து கருப்பட்டி வாங்கிப் போனார். நாலாம் நாள் மறுபடி வந்தார். "அந்தத் தாள்ல கட்டிக் குடுங்க" என்றார்.

"எந்தத் தாளு?"

"செடி போட்ட தாளு."

"என்ன சாமான் கட்ட?"

"எதுன்னாலும்."

அவரிடமிருந்து ஒரே நாளில் இவ்வளவு பேச்சு வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புளி கட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரம் எழுத்து மட்டும் இருக்கிற தாளில் கட்டிக் கொடுத்தேன். ரோடு வரை போனவர் திரும்பி வந்து, "இதுல படம் இல்ல" என்று பலகையில் வைத்துவிட்டு நின்றார். இன்னொரு வாரம் வசம்பு கேட்டார். "வசம்பு எதுக்குண்ணே, வீட்டுல கைப்பிள்ளை இருக்கா?" என்றேன். தலையைச் சாய்த்தார். பாவம், மனசு உடைந்து புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

விஷயத்தை முத்துத்தாய்தான் சொன்னாள். உப்பு வாங்க வந்தவளிடம், உங்கள் அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவள் புளிமூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்குக் கருப்பட்டியப் பிரிச்சா தாள்ல தும்பைச் செடி இருந்துச்சு. அண்ணன் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பெறகு மதினி கண்ணசந்த நேரமாப் பாத்து, கம்மங்கூழைத் தொட்டு அவுக மூஞ்சிக்கு நேரா சுவத்துல ஒட்டிட்டு ஒண்ணுஞ் சொல்லாமப் போயிட்டாரு. என்னண்ணே இதுன்னு கேட்டேன். அவ பாக்குறது சுவருதான, அதுல பாக்குறதுக்கு ஒண்ணு கிடக்கட்டும்னாரு."

"அவுக என்ன சொன்னாக?"

"ரெண்டு நாளு ஒண்ணுமில்ல. மூணாம் நாளு நான் கூழு கொண்டு போறேன், மதினி சுவத்தைப் பாத்து, 'தும்பைக்கு எலை இம்புட்டு அகலமா? இவன் எந்தூருத் தும்பையப் பாத்தான்'னாக. ஏழு மாசங் கழிச்சு அண்ணாச்சி. நான் கூழுச் சட்டியக் கீழ போட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் கிளம்பியதும் அந்தப் புஸ்தகத்தை எடுத்து மேல் தட்டில் வைத்தேன். அதிலிருந்து அவருக்கு மட்டும் தாள் என்று வைத்துக்கொண்டேன். இனாமாகக் கொடுத்தாயா என்று கேட்காதீர்கள். முதல் ஒரு மாதம் சாமான் வாங்கினால்தான் தாள் என்றே இருந்தேன். வியாபாரி புத்தி நாய்வால் மாதிரி, நிமிர நாளாகும்.

மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் யேசுதாசன் ஒரு நாள் பேனா முள் வாங்க வந்தார். மேல் தட்டில் இருந்த புஸ்தகத்தை எடுத்துப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். அடியில் இருந்த இங்கிலீஷை வாசித்து எனக்கு விளக்கினார்.

"மாரிச்சாமி, இது நூறு வருசத்துக்கு முந்தி அடிச்சது. ஒவ்வொரு படத்துக்கும் கையாலயே வர்ணங் குடுத்திருக்கான். எழுதுனது வெள்ளைக்காரன்னு நினைக்காதீங்க. ஒரு வெள்ளைக்கார டாக்டரு செடியைக் கொண்டாந்து வச்சிருக்காரு, நம்ம பக்கத்து ஓவியருதான் உக்காந்து எழுதியிருக்காரு. சீமையில இந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டுறாங்க. நீங்க இதுல புளி கட்டுறீங்க."

"சீமையில புளி விளையாதுல்ல சார், அதனால மாட்டுறாக" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கருத்தப்பாண்டியின் கதையைச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவருடைய முகம் மாறியது. "அப்ப அவருக்கே குடுங்க. ஒண்ணு மட்டுஞ் சொல்லிருங்க. வெறுங் கூழுல ஒட்டுனா கரையான் வந்துரும். பசையில மயில்துத்தம் கொஞ்சம் கலக்கச் சொல்லுங்க" என்றார். சரி என்றேன். அன்றைக்குக் கடையில் துத்தம் இருப்பு இல்லை. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். பிறகு மறந்தே போனேன். இதை எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது.

தைப் பொங்கல் கழிந்து ஒரு நாள் அந்தச் சுவரைப் பார்க்க நானே போனேன். உள்ளே நுழைந்து பார்த்தால் ஒன்றையும் காணோம். சுவருக்கு வெள்ளையடித்திருந்தது. குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. அத்தனை படமும் கட்டில் மட்டத்தில், என் முழங்கால் உயரத்தில் இருந்தது. படுத்துக் கிடக்கிறவள் கண்ணுக்கு எது நேரோ அங்கே ஒட்டியிருந்தார். சுற்றிலும் காவியில் ஒரு விரல் அகலத்துக்குக் கரை கட்டியிருந்தார். முழங்காலுக்குப் படம் காட்டுகிற வீடு என்று ஊரில் கேலி பேசினார்களாம். கட்டில் கால்மாட்டில் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

தோன்றின இடத்தில் ஒட்டவில்லை அந்த மனுஷன். அவருடைய ஏழு ஏக்கர் காட்டில் எது எங்கே முளைக்குமோ அந்தக் கணக்குக்கு ஒட்டியிருந்தார். வடக்கு வரப்பில் நிற்கிற ஆவாரை, அவளுடைய கால்மாட்டுப் பக்கம். தெற்கே ஓடை ஓரத்து எருக்கு தலைமாட்டுக் கோடியில். நடுக்காட்டுத் தும்பையும் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் ஆடுதீண்டாப்பாளையும் நடுவில். மாட்டு வண்டித் தடத்து நெருஞ்சி அடியில். எங்கள் பக்கம் ஒருவருக்கும் தெரியாத மலைச்செடிகளை மட்டும் மேலே தனி வரிசையாக வைத்திருந்தார். அவற்றுக்குப் பெத்தம்மாள் அசலூர்க்காரிகள் என்று பேர் வைத்திருந்தாள்.

எங்கள் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் பிணங்கினால் நேருக்கு நேர் பேச மாட்டார்கள். கோழியிடம் சொல்வதுபோல ஒருவர் சொல்வார், கன்றுக்குட்டியிடம் சொல்வதுபோல மற்றவர் பதில் சொல்வார். சாடைப் பேச்சு என்போம். கோழியும் கன்றும் இல்லாத இடத்தில் பெத்தம்மாளுக்குச் செடி வாய்த்தது. நான் போய் உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

"ஏ நெருஞ்சி, கடைக்கார அண்ணாச்சி வந்திருக்காக போல. குடிக்க ஏதும் குடுத்தாச்சான்னு கேளு."

வாசலில் நின்ற கருத்தப்பாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார். "நெருஞ்சி, கருப்பட்டிக் காப்பி அடுப்புல கிடக்குன்னு சொல்லு."

"கிடந்தா போதுமா, ஊத்திக் குடுக்க வேணாமான்னு கேளு."

"முத்துத்தாயி ஊத்துறான்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி எதுக்குச் சிரிக்காக? ஏ ஆவாரை, நீயாச்சும் கேளு" என்றாள் அவள். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நான் காப்பி குடித்தேன். குரல் பழைய பெத்தம்மாளின் குரலாகவே இருந்தது. முத்துத்தாய், மதினி இப்போது இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள் என்றாள்.

படங்களைப் பற்றி அவளுக்கு ஆயிரம் குறை. "நெருஞ்சி முள்ளை நெல்லிக்கா அம்புட்டுக்குப் போட்டிருக்கான். இது குத்துனா ஆளு பிழைக்குமா?" என்றாள். பிறகு ஆடுதீண்டாப்பாளையின் அறுத்த பூவை விரலால் தொட்டாள். "நாங்க பிடுங்கி வரப்புல எறிஞ்ச செடி அண்ணாச்சி. அதோட பூவை அறுத்து, உள்ள என்ன இருக்குன்னு பாத்து எழுதியிருக்கான். முதல்ல வேலையத்தவன்னு நெனச்சேன். இல்ல, பொறுமைக்காரன். அவன் பொஞ்சாதி குடுத்து வச்சவ." கடைசி வார்த்தை யாருக்கு என்று வாசலில் நின்றவருக்குத் தெரிந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டார்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. வெள்ளாமை முழுவதும் அந்தச் சுவர் வழியாக நடந்தது. தெற்குக் காட்டில் களை எடுத்தாயிற்றா என்று தொய்யக்கீரை கேட்கும். செவலை மாட்டுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று எருக்கு கேட்கும். அவர் வாசலில் நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் பேசாததை அந்த இரண்டு வருடத்தில் பேசினார். அந்த வண்டியைப் பற்றி மட்டும் எந்தச் செடியும் கேட்கவில்லை. அவரும் எந்தச் செடியிடமும் சொல்லவில்லை. படம் ஒட்டுவதும் கரை கட்டுவதும் அவள் தூங்குகிற நேரத்தில்தான்; முழித்திருக்கும்போது வாசற்படியைத் தாண்டி அவள் பக்கத்தில் போனதே இல்லை.

ஒரு நாள் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அவரிடம் கேட்டேன். "நேராப் பேசுனா என்ன பாண்டியண்ணே? இன்னும் எத்தனை நாளைக்குச் செடியைத் தூது விடுவீக?"

ரோட்டைப் பார்த்தார். "நேராப் பேசுனா வண்டியப் பத்திப் பேசணுமே அண்ணாச்சி" என்றார். "இம்புட்டாச்சும் பேசுறா. வண்டிப் பேச்சை எடுத்து இதுவும் நின்னு போச்சுன்னா நான் எங்க போவேன்?" அவர் அப்படி வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அடுத்த தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

நாற்பத்து நாலாம் வருடம் ஐப்பசியில் எங்கள் பக்கம் அதிசயமாகப் பத்து நாள் விடாமல் மழை. மண்சுவர் ஓதம் ஏறி ஊறிப் போனது. வேறு ஊராக இருந்தால் படத்தை அரிசிக் கஞ்சியிலோ மைதாவிலோ ஒட்டியிருப்பார்கள். எங்கள் கரிசலில் அந்தக் காலத்தில் அரிசிக்கு எங்கே போக? கம்மங்கூழை நன்றாகக் காய்ச்சி, பிடிக்க வேண்டும் என்று அதில் கொஞ்சம் கருப்பட்டிப் பாகும் விட்டு ஒட்டியிருந்தார் மனுஷன். கரையானுக்கு அதைவிட விருந்து வேண்டுமா?

முதலில் கண்டது பெத்தம்மாள்தான். நெருஞ்சிப் படத்தின் ஓரத்தில் மண்கோடு ஏறியது. எட்டின மட்டும் கையால் தட்டிப் பார்த்திருக்கிறாள். விடிந்து பார்த்தால் நெருஞ்சியில் பாதி இல்லை. வாரம் முடிவதற்குள் முப்பத்து நாலு படமும் மேலே வெறும் தோலாக நின்றது. அவள் அயர்ந்திருந்த நேரத்தில் கருத்தப்பாண்டி மண்ணைச் சுரண்டியபோது படமும் சேர்ந்து உதிர்ந்தது. அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். கூழையும் தள்ளிவிட்டாள்.

மூன்றாம் நாள், மறுபடி பிடித்த மழையில் நனைந்தபடி அவர் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, தாளு" என்றார்.

புஸ்தகத்தை எடுத்தேன். அட்டையை ஒட்டி ஒரே ஒரு படம் இருந்தது. மற்றதெல்லாம் அவர் வருவதற்கு முன்னால் நான் புளிக்கும் கருப்பட்டிக்கும் கிழித்தது. எந்தெந்த ஊர் அடுப்பில் எரிந்ததோ. அவருடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. துத்தம் கலக்கச் சொல்லி வாத்தியார் சொன்னதையும் நான் மறந்ததையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார், அவ்வளவுதான். கடையைச் சாத்திவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நானும் அவரோடு நடந்தேன்.

அவருடைய வீட்டில் சுவர் மொட்டையாக இருந்தது. வெள்ளையும் காவியும் மண்ணோடு பெயர்ந்து வந்திருந்தன. பெத்தம்மாள் அந்த மண்ணைப் பார்த்துக் கிடந்தாள். முத்துத்தாய் அடுப்பின் முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வழக்கம்போல வாசலில் நின்றார். கையில் அந்த ஒற்றைத் தாள், நான் பொதிந்து கொடுத்தும் ஓரம் நனைந்திருந்தது.

"நெருஞ்சி..." என்று ஆரம்பித்தார். நெருஞ்சி இருந்த இடத்தைப் பார்த்தார். மேலே ஆவாரை இருந்த இடத்தைப் பார்த்தார். அவருக்குப் பேச்சுக்குப் பிடிமானமே இல்லை.

"பெத்தம்மா" என்றார்.

அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நாங்கள் யாரும் கேட்டதில்லை. முத்துத்தாய் திரும்பிப் பார்த்தாள்.

"வண்டிய நான்தான் கவுத்தேன்."

அந்த முதுகிலிருந்து பதில் வந்தது. "தெரியும். நானும் அதுலதான இருந்தேன்."

"நீ ரெண்டு தடவை சொன்ன. நான் கேக்கல."

"அதுக்கா ரெண்டரை வருசமா வாசல்லயே நிக்கீக?"

"நீதான எம் மூஞ்சியப் பாக்கப் பிடிக்காம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட."

"நானா திரும்புனேன்? போட்ட பக்கம் கிடக்கேன். இந்தப் பக்கம் சாஞ்சா உசுரு போகுது." அவளுடைய குரல் உடைந்தது. "மொடமாப் போனவளப் பாக்கச் சகிக்காமத்தான் நீங்க முதுகுப் பக்கமே நின்னுட்டுப் போறீகன்னு நான் நெனச்சேன். கேக்கவும் வாய் வரல. இருக்கிற பேச்சும் போயிரும்னு செடிகிட்டப் பேசிக்கிட்டுக் கிடந்தேன்."

இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். நாங்கள் ஊரெல்லாம் சேர்ந்து அதற்குக் கோபம் என்று பேர் வைத்தோம்.

"கட்டிலத் திருப்பிப் போடுங்க" என்றாள் அவள்.

"எப்படித் திருப்ப?"

"தலைய அந்தக் கடைசிக்கு வச்சா நான் வாசலப் பாத்துக் கிடப்பேன்."

முத்துத்தாய் பதறி எழுந்தாள். "வேணாம் மதினி. அது வடக்கு. வடக்க தலை வைக்கலாமா? மரணம் வடக்குன்னு பெரியவுக சும்மாவா சொன்னாக?"

கண் முன்னால் இருந்த வழி அது. இரண்டரை வருடத்தில் அவருக்கோ, முத்துத்தாய்க்கோ, அங்கே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்த எனக்கோ அது தோன்றவே இல்லை. தலைமாடு தெற்கே இருக்கிறதா என்று பார்ப்போம். முகம் எதைப் பார்த்துக் கிடக்கிறது என்று எங்கள் ஆட்கள் யாரும் பார்க்க மாட்டோம்.

"வடக்க வச்சா எமன் வருவானாக்கும்" என்றாள் பெத்தம்மாள். "வரட்டும். வாசலப் பாத்துக் கிடந்தா வாரது யாருன்னாச்சும் தெரியும்."

கருத்தப்பாண்டி தாளை மடியில் செருகிக்கொண்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். தலைமாட்டை அவர் பிடித்தார், கால்மாட்டை நான் பிடித்தேன். கயிற்றுக் கட்டில், அவளும் கனமில்லை, எலும்புதான் இருந்தது. குலுக்கையில் இடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினோம். முத்துத்தாய் வாய்க்குள் ஏதோ சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வடக்கே தலை வைத்துப் பெத்தம்மாள் அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தாள்.

கட்டிலைக் கீழே வைத்ததும் வாசல் வெளிச்சம் அவளுடைய முகத்தில் விழுந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். எங்கே நிற்பது என்று தெரியாமல் அவர் அவளுக்கு எதிரே நின்றார். துண்டு நழுவித் தோளில் கிடந்தது, முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் அவரையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நீட்டினாள். அவர் குனிந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருடைய நெற்றிக்கு மேலே கையை வைத்துப் பார்த்தாள்.

"ஆத்தாடி, தலை பூராம் நரைச்சுப் போச்சே" என்றாள். "ஒருத்தருமே எங்கிட்டச் சொல்லலயே."